அமெரிக்க ரூட்ஸ் ராக் பெண்கள், லைவ் பதிவுகள்: எதை வாங்கலாம், எந்தப் பிரதியை நம்பலாம்?

நாடாச்சுருள்

ரூட்ஸ் ராக் (கன்ட்ரி, புளூஸ், நாட்டுப்புற இசையில் வேரூன்றிய ராக்) பாடகி லூசிண்டா வில்லியம்ஸின் எந்த லைவ் ஆல்பத்தை முதலில் வாங்குவது என்ற கேள்வி இந்த மன்றத்தில் அடிக்கடி வருகிறது. எல்லோரும் கைகாட்டுவது 2005ல் வந்த 'லைவ் அட் த ஃபில்மோர்'. 2003 நவம்பர் 20, 21, 22 மூன்று இரவுகளும் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் பதிவானது. இரண்டு சிடி, 22 பாடல்கள். அருமையான ஆல்பம்தான். ஆனால் வாங்குவதற்கு முன் பாடல் பட்டியலை எண்ணிப் பாருங்கள். 22ல் 11 பாடல்கள் அதே 2003ல் வந்த 'வேர்ல்ட் வித்தவுட் டியர்ஸ்' ஆல்பத்தில் உள்ளவை. 7 பாடல்கள் 2001ன் 'எசென்ஸ்'. மிச்சம் நாலே நாலு. எல்லோரும் கொண்டாடுகிற 1998ன் 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு' ஆல்பத்திலிருந்து இரண்டுதான். அந்தப் பாடல்களுக்காக வாங்கியவர் ஏமாந்துதான் போவார்.

அவருக்கு வேண்டியது வேறு. 'கார் வீல்ஸ்' ஆல்பத்தின் 2006 டீலக்ஸ் பதிப்பில் இரண்டாவது சிடி முழுக்க லைவ். 1998 ஜூலை 11, பிலடெல்பியா பென்ஸ் லேண்டிங், டபிள்யூஎக்ஸ்பிஎன் வானொலிக்காகப் பதிவு செய்தது. ஆல்பம் கடைக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம், அதனால் பாடல்கள் இன்னும் மேடையில் உருமாறத் தொடங்கவில்லை. அதே மாதிரி, 1988ல் ரஃப் டிரேட் நிறுவனம் வெளியிட்ட அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம் பிடித்தவர்களுக்கு 2014 மறுவெளியீடு. அதில் 1989 மே 19, நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரக் கச்சேரி கூடுதல் சிடியாக இருக்கிறது.

பாடகி பெயரைப் பார்த்து லைவ் ஆல்பம் வாங்கக் கூடாது. எந்தத் தேதி, அந்தத் தேதிக்கு முன் கடைசியாக வந்த ஸ்டுடியோ ஆல்பம் எது, மேடையில் யார் யார், பதிவு எங்கிருந்து எடுத்தது, இந்த நாலும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மற்றவர்களின் பதிவுகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பேசுவோம்.

ஆறாம்தந்தி

ஃபில்மோர்ல மேடையில மொத்தம் நாலே பேர். லூசிண்டா, லீட் கிட்டார் டக் பெட்டிபோன், பேஸ் டாராஸ் புரோடானியூக், டிரம்ஸ் ஜிம் கிறிஸ்டி. ரெண்டாவது லீட் கிட்டார் இல்ல, கீபோர்டு ஆளும் இல்ல. அதனாலதான் அந்தப் பதிவுல இவ்வளவு காத்தோட்டம். பெட்டிபோன் பாட்டு வரிக்கு நடுவுல வாசிக்கவே மாட்டார், வரி முடிஞ்ச இடத்துலதான் வந்து நிப்பார். மெதுவான பாட்டுங்கள்ல இதைக் கவனிங்க. ரிதம் கிட்டார் லூசிண்டா கையில, அவங்க அடி லேசா பின்தங்கியே வரும். அந்தப் பின்தங்கல்தான் மொத்த பேண்டையும் பிடிச்சு வைக்குது.

1989 ஐந்தோவன் வேற உலகம். அங்க கிட்டார் கர்ஃப் மார்லிக்ஸ், 1988 ஆல்பத்தைச் சேர்ந்து தயாரிச்சவரே அவர்தான். டோன் பளிச்சுனு, டெலிகாஸ்டர் மாதிரி கூர்மையா இருக்கும். லூசிண்டா குரலும் இளசு. ரெண்டையும் ஒரே நாள்ல கேட்டா ஒரு ஆளோட பதினாலு வருஷம் காதுல விழும்.

கீழ்ஸ்தாயி

நாடாச்சுருள் சொன்ன கணக்குக்குக் கன்ட்ரி பாடகி எமிலு ஹாரிஸை விடப் பொருத்தமான ஆள் இல்லை. ஒவ்வொரு லைவ் ஆல்பத்துக்கும் வெவ்வேறு நோக்கம்.

1982ன் 'லாஸ்ட் டேட்' பழைய ஹிட்களின் தொகுப்பே அல்ல. அதுவரை அவர் பதிவு செய்யாத பாடல்களை நேரடியாக மேடையில் பதிவு செய்த ஆல்பம். 1992ன் 'அட் த ரைமன்' அதே யோசனையை நேஷ் ராம்ப்ளர்ஸ் என்ற அக்கூஸ்டிக் குழுவோடு செய்தது: சாம் புஷ் மாண்டலின், ஃபிடில், அல் பெர்கின்ஸ் டோப்ரோ, பாஞ்சோ, ராய் ஹஸ்கி ஜூனியர் நின்று வாசிக்கும் பேஸ், லாரி அடமானியூக் டிரம்ஸ், ஜான் ராண்டல் கிட்டார். 1991 ஏப்ரல் 30 முதல் மே 2 வரை நாஷ்வில்லில் பதிவு.

ரைமன் என்ற அந்த அரங்கத்தின் நிலை ஒலியிலேயே இருக்கிறது. 1892ல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டிய கட்டடம். 1974ல் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி வெளியேறிய பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்தது. பால்கனி பாதுகாப்பாக இல்லை என்று அதன் மேலேயும் கீழேயும் யாரையும் உட்கார விடவில்லை. இரவுக்கு ஏறத்தாழ 200 பேர்தான். ஆட்கள் குறைந்தால் ஒலியை உறிஞ்சும் உடம்புகள் குறையும், மரப் பெஞ்சும் மரத் தரையும் திருப்பி அனுப்பும். பெரிய கைதட்டல் இல்லாமல் பெரிய அறை ஒலி மட்டும் கேட்பதற்குக் காரணம் அதுதான். அந்த ஆல்பத்தால் அரங்கத்தின் மேல் மறுபடி கண் விழுந்தது. புதுப்பித்து 1994ல் திறந்தார்கள். ஒரு லைவ் ஆல்பம் ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற உதவியது என்பது சின்ன விஷயமல்ல.

2021ல் நன்சச் நிறுவனம் வெளியிட்ட 'ராம்பிள் இன் மியூசிக் சிட்டி' அதே குழுவின் 1990 செப்டம்பர் 28 கச்சேரி. அதுவும் நாஷ்வில், ஆனால் டென்னசி பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் சென்டர். 23 பாடல்கள். அவரது பழைய பாடல்களை அக்கூஸ்டிக் குழுவோடு கேட்க வேண்டுமானால் இதுதான். புதிதாகத் தொடங்குபவர் ரைமனுக்கு முன் இதை வாங்கலாம்.

வண்டிச்சக்கரம்

//புதிதாகத் தொடங்குபவர் ரைமனுக்கு முன் இதை வாங்கலாம்//

ரூட்ஸ் ராக் இழையில் 'ஸ்பைபாய்' பெயரே வராமல் போகக் கூடாது. 1998. எமிலு, கிட்டார் பட்டி மில்லர், பேஸ் டேரில் ஜான்சன், டிரம்ஸ் பிரேடி பிளேட். நாலு பேர். 1995ல் டேனியல் லன்வா தயாரித்த 'ரெக்கிங் பால்' ஆல்பத்தில் அடுக்கடுக்காகப் பூசிய ஒலியை மூன்று கருவிகளால் மேடையில் எப்படிக் கொண்டுவருவது என்ற சிக்கலுக்கு இதுதான் விடை. பட்டி மில்லர் கிட்டாரின் டிரெமலோதான் (ஒலியளவை நடுங்க வைக்கும் எஃபெக்ட்) அங்கே கீபோர்டு வேலையையும் பார்க்கிறது. ஜான்சன் பேஸோடு மேல்ஸ்தாயியிலும் சேர்ந்து பாடுகிறார், அதனால் துணைக் குரலுக்கு ஆள் பஞ்சமே இல்லை. பழைய கன்ட்ரி பாடல்கள்கூட நியூ ஆர்லியன்ஸ் தாளத்தில் புரண்டு வருகின்றன. என் கணக்கில் எமிலுவின் மிகச் சிறந்த லைவ் ஆல்பம் இது. ரைமனைவிட ஒரு படி மேல்.

கருந்தட்டு

ஜானிஸ் ஜாப்ளினைத் தொடாமல் போக முடியாது. 'சீப் திரில்ஸ்' (1968) லைவ் ஆல்பம் என்றே இன்னும் பலர் எழுதுகிறார்கள். அல்ல. கடைசிப் பாடல் மட்டும்தான் மேடையில், சான் பிரான்சிஸ்கோ விண்டர்லேண்டில் பதிவானது. மற்றவை ஸ்டுடியோவில் எடுத்து, கூட்டச் சத்தத்தை மேலே ஏற்றியவை. அதே ஆண்டு டெட்ராய்ட்டில் நேரடியாகப் பதிவு செய்து பார்த்தார்கள்; திருப்தி வரவில்லை. பேண்டின் மேடைச் சூடு வேண்டும், ஆனால் பிழைகள் வேண்டாம் என்பதற்குத் தயாரிப்பாளர் ஜான் சைமன் கண்ட வழி அது. 2018ல் அந்த அமர்வுகளின் மற்ற டேக்குகள் தனித் தொகுப்பாக வந்தன. கூட்டமே இல்லாத வெறும் அறையில் அதே பாடல்களைக் கேட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

உண்மையான லைவ் வேண்டுமானால் இரண்டு இருக்கின்றன. 1968 ஏப்ரல் 12, 13 விண்டர்லேண்ட் பதிவு, 1998ல் வெளியானது. 1968 ஜூன் 23 கேரசல் பால்ரூம் பதிவு, 2012ல் வெளியானது. இரண்டாவது, 'பேர்' என்று அழைக்கப்பட்ட ஔஸ்லி ஸ்டான்லி பதிவு செய்தது. அவர் ஸ்டீரியோவைப் பயன்படுத்திய விதமே தனி: குரலும் டிரம்ஸும் ஒரு பக்கம், கிட்டார்களும் பேஸும் மறுபக்கம். ஹெட்போனில் கேட்டால் ஒரு காதில் ஜானிஸ், மறு காதில் கிட்டார் என்று பிய்ந்து நிற்கும். இரண்டு ஸ்பீக்கரையும் ஒட்டி வைத்துக் கேட்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அப்படி வைத்தால் ஒலிகள் காற்றில் கலந்து ஒரே மேடையாகிவிடும். ஹெட்போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பிளேயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள், அல்லது ஒரு பக்க ஒலியை மறுபக்கத்திலும் கொஞ்சம் கலக்கும் கிராஸ்ஃபீடு வசதியை இயக்குங்கள்.

மிக்ஸ்மேசை

கூட்டச் சத்தம் ஒட்டினதா நிஜமான்னு காதாலயே கண்டுபிடிக்கலாம்.

பாடகி வரிக்கும் வரிக்கும் நடுவுல மைக்கை விட்டு விலகும்போது டிரம்ஸோட நிறம் மாறுதான்னு கேளுங்க. நிஜ மேடையில குரல் மைக் திறந்தே இருக்கும், அதுக்குள்ள சிம்பல் ஒழுகும். வாய் பக்கத்துல இருக்கும்போது அந்த வழி கொஞ்சம் மறையும், விலகினா பளிச்சுனு திறக்கும். ஸ்டுடியோவுல தனித்தனியா எடுத்ததுல இந்த மாற்றமே இருக்காது.

அடுத்து, பாட்டு நடுவுல கைதட்டல் எதுக்காக வருதுன்னு பாருங்க. நிஜக் கூட்டம் காரணத்தோடதான் சத்தம் போடும்: பாட்டு அடையாளம் தெரியுற முதல் வரி, சோலோ முடியுற இடம். ஒட்டின கூட்டம் மழைச் சத்தம் மாதிரி ஒரே அளவா ஓடிட்டே இருக்கும். ஒரே விசில் ரெண்டு இடத்துல வந்தா லூப் போட்டிருக்காங்க.

கடைசியா, ஸ்நேர் டிரம் அடியோட எதிரொலியும் கைதட்டலோட எதிரொலியும் ஒரே அளவு அறையைக் காட்டணும். ஸ்நேர் வறண்டு கிடக்க, கைதட்டல் மட்டும் பெரிய மண்டபத்துல கேட்டா ரெண்டும் வேற வேற இடம்.

ஒண்ணு மட்டும். சின்னத் திருத்தங்களை மோசடின்னு சொல்லாதீங்க. அறுந்த தந்தியோட நோட்டை அடுத்த நாள் ராத்திரிப் பதிவுல இருந்து எடுத்து வைக்கிறது வழக்கம்தான். மூணு ராத்திரி பதிவு பண்றதே அதுக்காகத்தான்.

கீழ்ஸ்தாயி

'லைவ்' என்ற சொல்லுக்குள் வேறு சங்கதிகளும் இருக்கின்றன. சூசன் டெடெஸ்கி, டெரெக் டிரக்ஸ் தம்பதியின் டெடெஸ்கி டிரக்ஸ் பேண்டு வாசித்த 'லைலா ரீவிசிட்டட்' 2019 ஆகஸ்ட் 24 அன்று வர்ஜீனியாவில் லாக்கன் விழாவில் பதிவானது. கடைசிப் பாடல் மட்டும் சூசனும் டெரெக்கும் பிறகு ஸ்டுடியோவில் பாடியது. மூல ஆல்பமான, டெரெக் அண்ட் த டாமினோஸ் குழுவின் 'லைலா' வெளியான 1970 நவம்பர் 9தான் சூசன் டெடெஸ்கி பிறந்த நாளும். கணவர் டெரெக்குக்குப் பெயரே அந்தக் குழுவிலிருந்து வந்தது. இந்த ஆல்பத்தை அவர்கள் வாசிக்காமல் வேறு யார் வாசிப்பது!

கிலியன் வெல்ச்சின் 2001 ஆல்பம் 'டைம் (த ரெவலேட்டர்)' ஸ்டுடியோ ஆல்பம்தான். ஆனால் ஒரு பாடல் ரைமன் மேடையில் எடுத்தது. லூசிண்டா 2020ல் செய்த 'லூஸ் ஜூக்பாக்ஸ்' வரிசை ஆளில்லா ஸ்டுடியோவில் பேண்டோடு நேரடியாக வாசித்தது. என் பார்வையில் அதுவும் லைவ்தான். கைதட்டல் இருப்பதால் ஒன்று லைவ் ஆகிவிடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தார்களா என்பதே கேள்வி.

பழைய_ரேடியோ

லிண்டா ரான்ஸ்டாட். எழுபதுகளில் அமெரிக்காவில் அரங்குகளை நிரப்பிய பாடகி, ஆனால் அவருடைய முதல் லைவ் ஆல்பம் 2019ல்தான் வந்தது: 'லைவ் இன் ஹாலிவுட்'. 1980 ஏப்ரல் 24, எச்பிஓ நிகழ்ச்சிக்காகத் தொலைக்காட்சி ஸ்டுடியோவில் எடுத்தது. மூல நாடாக்கள் தொலைந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். ஜான் பாய்லன் தயாரிப்பில், லிண்டாவே தேர்ந்த 12 பாடல்கள். டிரம்ஸ் ரஸ் கங்கல், பேஸ் பாப் கிளாப், கிட்டார் டேனி கோர்ச்மர், பெடல் ஸ்டீல் டான் டக்மோர், கீபோர்டு லிட்டில் ஃபீட்டின் பில் பெய்ன். இதைவிட இறுக்கமான பேண்டு அந்தக் காலத்தில் கிடைப்பது கடினம்.

அதே நிகழ்ச்சியின் திருட்டு டிவிடிகள் பல ஆண்டுகளாகச் சுற்றுகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஸ்டீரியோ ஒலி 1984க்குப் பிறகுதான் பரவலானது. எனவே ஒளிபரப்பிலிருந்து விஎச்எஸ்ஸில் பிடித்ததை ஸ்டீரியோ என்று விற்றால் அது செயற்கையாகப் பிரித்தது. ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் 15,734 ஹெர்ட்ஸில் ஊசி போல ஒரு கோடு தெரியும். அது அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரித் துடிப்பு, அதாவது திரையில் வரிகளை வரையும் வேகம். திரையிலிருந்தும் கேபிளிலிருந்தும் ஒலிக்குள் ஏறிக்கொள்ளும். ஐரோப்பிய முறையில் அது 15,625. அந்தக் கோடு இருந்தால் மூலம் வீடியோவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வானொலி ஒலிபரப்பை அச்சிட்டு விற்கும் சிடிகளுக்கு வருவோம். புளூஸ் பாடகி பானி ரெய்ட்டின் 1972 ஒலிபரப்புகள் பல பெயர்களில் இப்படிக் கிடைக்கின்றன. எஃப்எம் ஸ்டீரியோவில் ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் போகும், 19 கிலோஹெர்ட்ஸில் இது ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குச் சொல்லும் பைலட் சமிக்ஞை இருக்கும். ஆகவே 15க்கு மேல் வெறுமை, 19ல் மெல்லிய கோடு என்றால் வீட்டு ரேடியோவிலிருந்து பிடித்தது உறுதி. கோடு இல்லை என்பதால் நிலையத்தின் மூல நாடா என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல டியூனர்கள் அதை வடிகட்டிவிடும். 15க்கு மேலும் சிம்பல் ஒலி இயல்பாகத் தேய்ந்துகொண்டே போனால்தான் நம்பலாம்.

அட்டையில் ஊர், தேதி, நிலையம் மட்டும் இருந்து, பதிவு செய்த பொறியாளர் பெயரோ மிக்ஸ் செய்தவர் பெயரோ இல்லையென்றால் அது இந்த வகைதான். பாடகிக்கு அதில் எதுவும் போய்ச் சேராமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதிகாரபூர்வ வெளியீடு இருக்கும் கச்சேரி என்றால் அதற்கே பணம் கொடுங்கள்.

நாடாச்சுருள்

பழைய_ரேடியோ சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 128 கேபிபிஎஸ் எம்பி3யை ஃபிளாக் (ஒலி இழப்பில்லாத கோப்பு வகை) ஆக மாற்றிப் பகிர்பவர்கள் உண்டு. அதுவும் 16 கிலோஹெர்ட்ஸில் வெட்டப்பட்டிருக்கும், எஃப்எம் என்று ஏமாற வாய்ப்பு. எஃப்எம்மில் 15ஐ நெருங்கும்போது ஒலி சரிந்து இறங்கும். எம்பி3யில் 16ல் செங்குத்துச் சுவர், அதற்குக் கீழே கட்டம் கட்டமாக ஓட்டைகள். ஓட்டையே இல்லாமல் 16ல் சுவர் மட்டும் இருந்தால் 32 கிலோஹெர்ட்ஸில் பதிந்த டேட் என்ற டிஜிட்டல் நாடாவாக இருக்கலாம், அதில் குற்றமில்லை.

ஆறாம்தந்தி

பானி ரெய்ட்டுக்கு அதிகாரபூர்வமா 'ரோடு டெஸ்டட்' (1995) இருக்கு. ரெண்டு சிடி. ரூத் பிரவுன், சார்லஸ் பிரவுன், கிம் வில்சன், ஜாக்சன் பிரவுன், புரூஸ் ஹார்ன்ஸ்பி எல்லாரும் வர்றாங்க. விருந்தாளிங்க அதிகம்னு சிலர் குறை சொல்றாங்க. ரூத் பிரவுனும் சார்லஸ் பிரவுனும் பானிக்கு முந்தைய தலைமுறை ரிதம் அண்ட் புளூஸ் ஜாம்பவான்கள். அவங்களைத் தன் மேடையில தன் கூட்டத்துக்கு முன்னாடி நிறுத்தினதுதான் அந்த ஆல்பத்தோட அர்த்தமே.

ஸ்லைடு கேக்கிறவங்களுக்கு: பானி கண்ணாடி ஸ்லைடை (தந்தி மேல நழுவவிடுற குழாய்) நடுவிரல்ல போடுறாங்க. பெரும்பாலானவங்க மோதிர விரல்லயோ சுண்டு விரல்லயோ போடுவாங்க. நடுவிரல்ல போட்டா பின்னாடி ரெண்டு விரல்ல ஃப்ரெட் பிடிக்கிறது கஷ்டம், ஆனா அதிர்வு கையோட முழு எடையில வரும். அந்த நீண்ட, மெதுவான நடுக்கம் அங்க இருந்துதான். டியூனிங் ஓபன் ஏ: தடித்த தந்தியில இருந்து இ, ஏ, இ, ஏ, சி ஷார்ப், இ. பாட்டுக்கு ஏத்த மாதிரி கேப்போ (சுருதியை ஏத்த கிட்டார் கழுத்துல மாட்டுற கிளிப்) மாறும்.

சவுண்ட்போர்டு பதிவு, அதாவது மிக்ஸர்ல இருந்து நேரா எடுத்தது, ஒழுங்கா இல்லன்னா முதல்ல சாகறது ஸ்லைடுதான். சின்ன கிளப்புல கிட்டார் ஆம்ப் சத்தமே ஹாலுக்குப் போதும், அதனால மிக்ஸர் வழியா கிட்டாரை ரொம்பக் கம்மியாத்தான் அனுப்புவாங்க. மிக்ஸர்ல இருந்து எடுத்த டேப்புல குரல் மலை மாதிரி, கிட்டார் எங்கேயோ தூரத்துல. பெரிய தியேட்டர்ல எல்லாமே மிக்ஸர் வழியா போறதால சமமா இருக்கும். 'சவுண்ட்போர்டு'ன்னு போட்டிருந்தா உடனே குதிக்காதீங்க, எந்த அளவு இடம்னு கேளுங்க.

மிக்ஸ்மேசை

//குரல் மலை மாதிரி, கிட்டார் எங்கேயோ தூரத்துல//

இதுக்குத்தான் மேட்ரிக்ஸ். மிக்ஸர் பதிவையும் கூட்டத்துல வெச்ச மைக் பதிவையும் சேக்கறது. கூட்ட மைக்ல கிட்டார் ஆம்ப் நல்லா விழுந்திருக்கும்.

ரெண்டு இடத்துல தப்பு நடக்கும். முதல்ல தாமதம். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். மைக் மேடையில இருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தா 58 மில்லி வினாடி பிந்தி வரும். சரி பண்ணாம சேத்தா ஒவ்வொரு ஸ்நேரும் ரெட்டையா கேக்கும். பாட்டு ஆரம்பத்துல தனியா வர்ற ஒரு ஸ்நேர் அடியைப் பெருசாக்கிப் பாத்து, ரெண்டு அலையோட முதல் ஏற்றத்தையும் ஒண்ணா வைங்க.

ரெண்டாவது, ரெண்டு ரெக்கார்டரோட கடிகாரமும் ஒரே வேகத்துல ஓடாது. தொடக்கத்துல கச்சிதமா பொருத்தினது ரெண்டு மணி நேரம் கழிச்சு விலகி இருக்கும். கடைசிப் பாட்டுல ஒரு ஸ்நேரைப் பாத்து எவ்வளவு விலகியிருக்குன்னு அளந்து, கூட்டப் பதிவை அந்த விகிதத்துக்கு இழுங்க, இல்லன்னா சுருக்குங்க. மிக்ஸர் பதிவைத் தொடாதீங்க.

அளவு: மிக்ஸர் மேல, கூட்டம் 6ல இருந்து 8 டெசிபல் கீழ வெச்சு ஆரம்பிங்க. கூட்டப் பதிவுல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, இல்லன்னா பேஸ் சேறாயிடும்.

இதெல்லாம் பேண்டு பதிவை அனுமதிச்ச இடத்துல மட்டும். இன்டர்நெட் ஆர்க்கைவோட லைவ் மியூசிக் பகுதி 2002ல தொடங்கினது. அங்க கிரேஸ் பாட்டர் அண்ட் த நாக்டர்னல்ஸ் பதிவுகள் முறையான அனுமதியோட கிடைக்குது. பழகிப் பாக்க நல்ல இடம்.

வண்டிச்சக்கரம்

பழைய கேசட் பதிவுகளின் சுருதி பற்றியும் யாராவது எழுதுங்கள். இளம் வயதுக் குரல் என்று பலர் பாராட்டுவதில் பாதி, நாடா வேகமாக ஓடுவதுதான்.

பழைய_ரேடியோ

உண்மை. 3 சதவீதம் வேகமாக ஓடினால் அரை ஸ்வரத்தில் பாதி ஏறிவிடும். பாடகியின் குரல் மெலிந்து, டிரம்ஸ் இறுகி, எல்லாமே சுறுசுறுப்பாகத் தோன்றும்.

கேட்டுச் சரி செய்ய முயல வேண்டாம், ஓபன் டியூனிங்கும் கேப்போவும் குழப்பும். கேப்போ மாறினால் சுருதி முழு அரை ஸ்வரங்களாகத்தான் மாறும். நாடாப் பிழை இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் எங்காவது நிற்கும். அளப்பதற்கு நம்பகமான பொருள் மின்சார இரைச்சல். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஆம்ப், விளக்கு, மிக்ஸர் எல்லாவற்றிலிருந்தும் அந்த முனகல் பதிவுக்குள் வரும். 120, 180 ஆகியவற்றிலும் தெரியும்.

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பாடல்களுக்கு நடுவே அமைதியான பத்துப் பதினைந்து வினாடியைத் தேர்ந்து, அலைவரிசை வரைபடம் போடுங்கள். அளவு 65536 வையுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் அது 0.7 ஹெர்ட்ஸுக்கும் குறைவான நுணுக்கம் தரும். 120ல் இருக்க வேண்டிய முகடு 123.6ல் இருந்தால், நாடா 3 சதவீதம் வேகம். 120ஐ 123.6ஆல் வகுத்தால் 0.9709, அதாவது 2.91 சதவீதம் குறைக்க வேண்டும். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் எஃபெக்ட்டைப் பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றும் எஃபெக்ட் தாளத்தைத் தொடாது, ஒலியையும் கெடுக்கும்.

தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் அளப்பது கட்டாயம். பேட்டரி ரெக்கார்டரில் பதிவு செய்ததென்றால் பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமாகக் கேட்கும். அதனால் கச்சேரி முடிவை நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும். ஒரே எண்ணால் அதைத் திருத்த முடியாது.

கருந்தட்டு

கோப்பைத் துண்டு போடும்போது ஒரு எச்சரிக்கை. சிடியில் ஒரு வினாடிக்கு 75 கட்டங்கள், ஒரு கட்டம் 588 சாம்பிள். டிராக் எல்லை 588ன் மடங்கில் விழாவிட்டால் எழுதும் மென்பொருள் மிச்சத்தை வெறுமையால் நிரப்பும். ஒவ்வொரு பாடல் மாறும்போதும் 'டிக்' என்று ஒரு சின்ன வெட்டு. ஆடாசிட்டியில் நேர அமைப்பை சிடி கட்டங்களுக்கு மாற்றிவிட்டு வெட்டினால் இது வராது. எழுதும்போது டிஸ்க் அட் ஒன்ஸ் (முழு சிடியையும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எழுதும் முறை), இடைவெளி பூஜ்யம்.

லைவ் ஆல்பத்தை எம்பி3 ஆக்க வேண்டாம் என்பது என் கறாரான கருத்து. குறியாக்கம் ஒவ்வொரு டிராக்கின் முன்னும் வெற்றுச் சாம்பிள்கள் சேர்க்கும். அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் கைதட்டல் விக்கும். ஃபிளாக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஒலி அளவைச் சமன் செய்யும் ரீப்ளேகெயினையும் ஆல்பம் முறையில் வையுங்கள். டிராக் முறையில் வைத்தால் தனிக் கிட்டாரோடு பாடும் பாடலை முழு பேண்டு அளவுக்கு ஏற்றிவிடும். ஸ்ட்ரீமிங் செயலியில் ஒரு பாடலின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடை அணையுங்கள்.

கீழ்ஸ்தாயி

தொழில்நுட்பத்துக்கு நடுவே காஸ்பல், சோல் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸை விட்டுவிட்டோம். 'லைவ்: ஹோப் அட் த ஹைடவுட்', 2008 ஜூன் 23, சிகாகோவின் ஒரு சிறிய கிளப். வெளியான நாள் 2008 நவம்பர் 4, ஒபாமா தேர்வான அதே தேர்தல் நாள். பாடல்களில் பெரும்பகுதி கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டக் காலத்துப் பாடல்கள். கிட்டார் ரிக் ஹோம்ஸ்ட்ராம், பேஸ் ஜெஃப் டர்ம்ஸ், டிரம்ஸ் ஸ்டீஃபன் ஹாட்ஜஸ். ஹார்னும் கிடையாது, கீபோர்டும் கிடையாது; டிரெமலோ கிட்டார்தான் முக்கியத் துணை, அப்பா பாப்ஸ் ஸ்டேபிள்ஸின் கிட்டார் ஒலியை நினைவில் வைத்து. மேவிஸின் குரல் அப்போதே கரகரத்திருந்தது. மேல் நோட்டுகளை அவர் துரத்துவதில்லை. கீழே நின்று, மூச்சையும் உறுமலையும் தாளமாக்குகிறார். எழுபதை நெருங்கும் குரலை எப்படிப் பயன்படுத்துவது என்று பாடுபவர்கள் பாடம் படிக்க வேண்டிய பதிவு.

ஆறாம்தந்தி

டெடெஸ்கி டிரக்ஸ் பேண்டுக்கு 'லைவ் ஃப்ரம் த ஃபாக்ஸ் ஓக்லாந்து' (2017) வாங்குங்க. 2016 செப்டம்பர் 9 ஒரே ராத்திரி. பன்னிரண்டு பேர், ரெண்டு டிரம்ஸ், மூணு ஹார்ன். கச்சேரிப் படமும் சேர்ந்து வருது. இந்தக் குழுவுல எல்லாரும் டெரெக் ஸ்லைடை மட்டும் பேசறாங்க. சூசன் கிட்டாரையும் கேளுங்க: பிக்கோட கடிக்கிற, புளூஸ்ல ஊறின டோன், டெரெக் நழுவுற இடத்துல இவங்க குத்துவாங்க. 2012 'எவ்ரிபடிஸ் டாக்கின்'ல பேஸ் ஓட்டில் பர்பிரிட்ஜ், அது வேற நடை, அதுவும் வேணும்.

வண்டிச்சக்கரம்

பழைய_ரேடியோ, ஒரு சந்தேகம். லூசிண்டாவின் 1989 ஐந்தோவன் மாதிரி ஐரோப்பாவில் எடுத்த நாடா, பிறகு அமெரிக்காவில் பிரதி எடுத்தது என்றால் எந்த முனகலை நம்புவது?

பழைய_ரேடியோ

நல்ல கேள்வி. அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே மேடை முனகல் 50, 100, 150ல். பிரதி எடுத்த கேசட் டெக்கின் முனகல் 60, 120, 180ல். இரண்டு வரிசையும் சேர்ந்தே தெரியும். 120 கச்சிதமாக 120ல் நிற்கும்போது 100 மட்டும் 102ல் இருந்தால், பிரதி எடுத்தது சரி, மூல நாடா 2 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. திருத்தத்தை 102ஐ வைத்தே கணக்கிடுங்கள். திருத்திய பின் 120 இருந்த கோடு 117.6க்கு இறங்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அமெரிக்காவிலேயே எடுத்து அங்கேயே பிரதி எடுத்ததில்தான் சிக்கல், இரண்டும் 60. முகடு 120ல் ஒன்று, 123ல் ஒன்று என இரட்டையாக இருந்தால், 123ல் இருப்பதுதான் மேடை. ஒன்றே ஒன்று, அதுவும் துல்லியமாக 120ல் இருந்தால் அது டெக்கின் முனகலாகவே இருக்கலாம். அப்போது ஹார்மோனிகாவோ ஆர்கனோ வரும் பாடலைத் தேடிச் சுருதியை அளந்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.